ஐஸ் பிளாண்டில் அம்மோனியா ஏற்றும்போது வரும் சிக்கல்கள்: அறிகுறியைப் பார்த்து ஆளைப் பிடிப்பது

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. அந்த 61 நாளும் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்து ஐஸ் பிளாண்டுகளும் பாதி மூச்சில்தான் ஓடும். ஜூன் முதல் வாரம் வந்ததும் முதலாளி கேட்க ஆரம்பிப்பார்: "பிளாண்ட் ரெடியா?" ஆப்பரேட்டர் முழு லோடில் ஓட்டிப் பார்ப்பார். ஐஸ் கேன்கள் மூழ்கி நிற்கும் டேங்கின் உப்புத்தண்ணி எதிர்பார்த்த அளவு குளிராது. உடனே சொல்வார்: "கேஸ் கம்மிண்ணே. ரெண்டு சிலிண்டர் ஏத்திடலாம்."

அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். அம்மோனியா டீசல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, மறுபடி திரவமாகி, சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிந்து வெளியே போயிருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே எங்கோ தேங்கி நிற்க வேண்டும். போன கேஸ் எங்கே என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் சிலிண்டரைத் திறக்கக் கூடாது என்பதுதான் இத்தனை வருட வேலையில் நான் பிடித்துக்கொண்ட வழக்கம். கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்தக் கேள்வியை வெவ்வேறு பக்கத்திலிருந்து கேட்பதுதான்.

இது ஏற்கெனவே பிளாண்டில் வேலை தெரிந்தவர்களுக்கு. புதிதாக வந்த தம்பிகள் படிக்கலாம், ஆனால் படித்ததை வைத்துத் தனியாகச் சிலிண்டரில் கை வைக்க வேண்டாம்.

சிலிண்டரைத் தொடுவதற்கு முன்

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வால்வில், இன்னொருவர் கொஞ்சம் தள்ளி, காற்று வரும் பக்கமாக. இரண்டு பேருக்கும் முழு முகத்தை மூடும் முகமூடி, அதில் அம்மோனியாவுக்கான பச்சை நிற கேனிஸ்டர். அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். பல பிளாண்டுகளில் அது அலமாரியிலேயே காலாவதி ஆகியிருக்கும். அம்மோனியா 300 பி.பி.எம். அளவை எட்டினாலே உயிருக்கு ஆபத்து என்று கணக்கு. அப்படிப்பட்ட இடத்துக்குள் நுழைய இந்த கேனிஸ்டர் போதாது. முதுகில் காற்று சிலிண்டரோடு வரும் மூச்சுக் கருவி வேண்டும். கேனிஸ்டர் முகமூடி தப்பித்து வெளியே வருவதற்கும், லேசான கசிவில் வால்வை மூடுவதற்கும்தான்.

ரப்பர் கையுறை, பூட்ஸ், எட்டும் தூரத்தில் ஓடுகிற தண்ணீர். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். அதற்கு ஒரு மக் தண்ணி எந்த மூலைக்கும் காணாது. திரவம் சட்டையில் பட்டு உறைந்திருந்தால் அவசரப்பட்டு உரிக்கக் கூடாது, தோலும் சேர்ந்து வந்துவிடும். நிறையத் தண்ணீர் ஊற்றி இளகிய பிறகு கழற்றுங்கள்.

காற்றைப் பாருங்கள். நம்ம பக்கம் வெயில் காலத்தில் விடியற்காலையில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடல் பக்கம் போகும். மதியத்தை ஒட்டிக் கடல்காற்று திரும்பி ஊருக்குள் வரும். விடியற்காலையில் ஏற்றினால் சிலிண்டர் சூடாகாது, ஆனால் அந்த நேரம் துறைமுகத்தில் ஏலம் நடக்கும், ஆயிரக்கணக்கான ஜனம் நிற்கும். மதியம் ஏற்றினால் வாசனை வீடுகளுக்குள் போகும். அதனால்தான் கேஸ் ஏற்றுகிற வேலையைத் தடைக்காலத்திலேயே, ஏலக் கூட்டம் இல்லாத ஒரு விடியற்காலையில் முடித்துவிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். ஜூன் 13-ம் தேதி அவசரமாக ஏற்றுகிறவர்கள் எந்த அறிகுறியையும் நின்று பார்ப்பதில்லை.

பக்கத்துத் தெருவுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, தூங்கிக்கொண்டிருந்த மக்கள் மூச்சுத் திணறலோடு தெருவுக்கு ஓடி வந்தார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருந்தது. அது குளிர்பதனக் குழாய் அல்ல, கப்பலிலிருந்து கரைக்குக் கொண்டுவரும் குழாய். ஆனால் அந்த வாசனையை இந்தக் கரையோரத்து ஜனங்கள் மறக்க மாட்டார்கள். லேசாக மூக்கில் ஏறினாலே அவர்கள் பயப்படுவது நியாயம்தான்.

"உப்புத்தண்ணி குளிரவில்லை"

கேஸ் ஏற்ற வைக்கிற முதல் அறிகுறி இதுதான். தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். அதனால் இதில் நிதானமாகப் போகலாம்.

நம் ஐஸ் பிளாண்டில் உப்புத்தண்ணி மைனஸ் 8 முதல் மைனஸ் 10 டிகிரிக்குள் இருந்தால், அந்த டேங்கில் மூழ்கியிருக்கும் குழாய்ச் சுருளான காயிலுக்குள் அம்மோனியா மைனஸ் 15 சுமாரில் கொதிக்க வேண்டும். அதற்கு சக்‌ஷன் கேஜ் (கம்ப்ரஸர் கேஸை உறிஞ்சும் பக்கத்து அழுத்தமானி) ஏறத்தாழ 20 பி.எஸ்.ஐ. காட்டும். முதலில் அந்த கேஜைப் பாருங்கள். அடுத்து ரிசீவரின் (திரவ அம்மோனியா சேர்ந்து நிற்கும் கலம்) லெவல் கண்ணாடியைப் பாருங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

சக்‌ஷன் இறங்கியிருக்கிறது, ரிசீவரும் காலி, காயிலுக்குள் திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் திரவம் போகிற கனமான சத்தம் இல்லாமல் காற்று சீறுகிற சத்தம், டிஸ்சார்ஜ் குழாய் வழக்கத்தைவிடச் சூடு, மோட்டார் ஆம்பியர் குறைவு. இத்தனையும் சேர்ந்து இருந்தால் உண்மையிலேயே கேஸ் குறைவுதான். கசிவைக் கண்டுபிடித்து அடைத்துவிட்டு ஏற்றலாம்.

சக்‌ஷன் இறங்கியிருக்கிறது, ஆனால் ரிசீவரில் திரவம் நிறைய நிற்கிறது. அப்படியென்றால் கேஸ் இருக்கிறது, போகிற வழியில் அடைப்பு. திரவக் குழாயில் உள்ள வடிகட்டியை, அதாவது ஸ்ட்ரெய்னரைத் தொட்டுப் பாருங்கள். ஸ்ட்ரெய்னருக்கு அந்தப் பக்கம் குழாய் சில்லென்று இருந்தாலோ உறைபனி பிடித்திருந்தாலோ அடைப்பு அங்கேதான். இல்லையென்றால் எக்ஸ்பான்ஷன் வால்வு அல்லது மிதவை வால்வு. இந்த நிலையில் இன்னும் இரண்டு சிலிண்டர் ஏற்றினால் அதுவும் ரிசீவரில்தான் போய் நிற்கும். பிறகு ஸ்ட்ரெய்னரைச் சுத்தம் செய்யும் அன்று மொத்தமும் ஒரே வீச்சில் காயிலுக்குள் பாயும்.

ரிசீவர் காலி, ஆனால் சக்‌ஷன் குறையவில்லை, காயிலோடு சேர்ந்த திரவக் கலமான அக்யுமுலேட்டரில் உறைபனிக் கோடு வழக்கத்தைவிட மேலே ஏறி நிற்கிறது. கேஸ் எங்கும் போகவில்லை, காயில் பக்கம் தேங்கியிருக்கிறது. எக்ஸ்பான்ஷன் வால்வைத் தேவைக்கு மேல் யாராவது திறந்து வைத்திருப்பார்கள்.

மூன்றும் இல்லை, கேஜ் எல்லாம் சுமாராகச் சரி, சக்‌ஷன் மட்டும் கொஞ்சம் இறக்கம். அப்போது எண்ணெயைச் சந்தேகப்படுங்கள். கம்ப்ரஸரில் ஊற்றுகிற மினரல் எண்ணெய் அம்மோனியாவோடு கலக்காது. திரவ அம்மோனியாவைவிடக் கனமானது, அதனால் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். காயிலின் உள்சுவரில் படலமாக ஒட்டினால் குளிர் வெளியே வராது. ஒரு பிளாண்டில் மூன்று வருடமாக எண்ணெய் வடிக்காமல், ஒவ்வொரு சீசனுக்கும் கேஸ் மட்டும் ஏற்றி வந்திருக்கிறார்கள். நான் போனபோது கம்ப்ரஸரில் எவ்வளவு எண்ணெய் ஊற்றினீர்கள் என்று நோட்டுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். ஊற்றிய கணக்கு இருந்தது, வடித்த கணக்கு ஒரு வரி கூட இல்லை. அத்தனை எண்ணெயும் பிளாண்டுக்குள்ளேதான் இருந்தது. வடித்த பிறகு ஒரு கிராம் கேஸ் ஏற்றாமலேயே உப்புத்தண்ணி இறங்கியது.

எண்ணெய் நிற்கிற இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அக்யுமுலேட்டரின் அடிக்கால், லெவல் குழாய் போன்ற உறை போடாத இடங்களைப் பாருங்கள். திரவ அம்மோனியா இருக்கும் உயரம் வரை பனி பிடித்திருக்கும். அடியில் எண்ணெய் இருக்கும் பகுதி பனி இல்லாமல் கருப்பாகத் தெரியும். வடிப்பதற்குக் கையை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் வால்வு கட்டாயம் வேண்டும். அதைக் கம்பி போட்டுக் கட்டித் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்களால்தான் பெரிய விபத்துகள் நடந்திருக்கின்றன. எண்ணெய் வரவில்லையே என்று மேலும் மேலும் திறக்கவும் வேண்டாம். கசடு அடைத்திருக்கும், திடீரென்று விடும், பின்னாலேயே அம்மோனியா வரும்.

இன்னொன்றும் உண்டு. கேன் நிரப்பும்போது வழிந்த நல்ல தண்ணீர் டேங்கில் கலந்து உப்பு வீரியம் குறைந்தால், காயில் மேலேயே ஐஸ் பிடிக்கும். ஐஸ் போர்த்திய காயில் குளிரைக் கடத்தாது. ஹைட்ரோமீட்டரைப் போட்டுப் பாருங்கள். அப்படியே உப்புத்தண்ணியைக் கலக்கிவிடும் அஜிடேட்டரின் பெல்ட் வழுக்குகிறதா என்றும். கேஸுக்குச் சம்பந்தமே இல்லாத இந்த இரண்டுக்காகவும் சிலிண்டர் வாங்கியவர்கள் உண்டு.

"சிலிண்டரைத் திறந்தும் ஏற மாட்டேன் என்கிறது"

சரி, கேஸ் குறைவு என்று உறுதியாகிவிட்டது, ஹோஸ் மாட்டியாகிவிட்டது, தராசில் சிலிண்டர் இருக்கிறது. முள் அசையவில்லை.

இதற்குக் காரணம் அழுத்தக் கணக்கு. சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை அதன் சூடுதான் தீர்மானிக்கிறது, உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பது இல்லை. 28 டிகிரியில் சுமார் 145 பி.எஸ்.ஐ., 32-ல் 165. ஆவியைத் திரவமாக்கும் நம் கண்டென்சர் சித்திரை வெயிலில் 38, 40 டிகிரியில் ஓடினால் ரிசீவருக்குள் 199 முதல் 211 வரை நிற்கும். நிழலில் இருக்கும் சிலிண்டரைவிட ரிசீவரின் அழுத்தம் அதிகம். மேட்டுக்குத் தண்ணீர் ஏறுமா?

ஏறாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை, திரும்பி வரும். தண்டையார்பேட்டையில் ஒரு பிளாண்டில், மே மாத மதியம், நான் உதவியாளாக நின்றிருந்தேன். ரிசீவரிலிருந்து திரவம் வெளியேறும் வழியில் உள்ள கிங் வால்வு திறந்திருந்தது, சார்ஜிங் லைனில் திரவம் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லை. பத்து நிமிடம் ஆகியும் எடை குறையவில்லை என்று பெரியவர் குனிந்து பார்த்தார். குறையாதது மட்டுமில்லை, கூடியிருந்தது. ரிசீவரில் இருந்த திரவம் சிலிண்டருக்குள் போய்க்கொண்டிருந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, சிலிண்டர் வால்வை மூடினார், முகம் வெளுத்துவிட்டது. அந்த முகத்திலிருந்துதான் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிந்தது. சிலிண்டரில் திரவம் விரிய இடம் விட்டுத்தான் நிரப்பியிருப்பார்கள். அந்த இடமும் திரவத்தால் நிரம்பி, அப்புறம் வெயில் பட்டால், திரவம் விரிவதைத் தாங்க எந்த இரும்பாலும் முடியாது.

அதனால் ஏற்றும் இடம் கிங் வால்வுக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வுக்கும் நடுவில் இருக்க வேண்டும், அந்த லைனில் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்க வேண்டும். முதலில் கிங் வால்வை மூடுங்கள். கம்ப்ரஸர் ஓடட்டும், சக்‌ஷன் வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் இறங்கட்டும். பூஜ்யத்துக்குக் கீழே போக விடாதீர்கள். போனால் ஷாஃப்ட் சீல் வழியாகக் காற்றை உள்ளே இழுக்கும். பிறகு சிலிண்டர் வால்வைக் கால் சுற்று, மூட்டுகளில் வாசனை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சார்ஜிங் வால்வை மெதுவாக. இப்போது சிலிண்டர்தான் ரிசீவர் மாதிரி. 145 பி.எஸ்.ஐ.யிலிருந்து 20-க்குக் கீழே இறங்குகிற வழி, தானாகவே போகும்.

இப்படிச் செய்தும் ஏறவில்லையா? சிலிண்டர் படுத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். திரவம் வர வேண்டுமானால் சில சிலிண்டர்களை வால்வுப் பக்கம் தாழ்வாகப் படுக்க வைக்க வேண்டும். சிலவற்றில் உள்ளே வளைந்த குழாய் இருக்கும், வால்வின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்துத் திரவமோ ஆவியோ வரும். சிலிண்டர் கொண்டுவந்தவரிடமே கேட்டு, சாக்பீஸால் அம்புக்குறி போட்டு வையுங்கள். உருளாமல் இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று. ஏறவில்லை என்று சிலிண்டருக்குக் கீழே அடுப்பு மூட்டுவது, புளோ டார்ச் காட்டுவது, கொதிக்கும் தண்ணீர் ஊற்றுவது. இதைச் செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். யாராவது செய்யப் பார்த்தால், மூத்தவராக இருந்தாலும், கையைப் பிடித்துத் தடுங்கள்.

"ஏற்ற ஏற்ற ஹெட் பிரஷர் ஏறுகிறது"

ஹெட் பிரஷர் என்றால் கம்ப்ரஸர் கேஸை வெளியே தள்ளும் பக்கத்து அழுத்தம். அது ஏறினால் முதலில் ஏற்றுவதை நிறுத்துங்கள். சிலிண்டர் வால்வை மூடுங்கள். அப்புறம் யோசிக்கலாம்.

காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்: காற்று உள்ளே போயிருக்கலாம், கேஸ் அதிகமாகியிருக்கலாம், கண்டென்சர் அழுக்காகியிருக்கலாம்.

காற்று என்றால், பெரும்பாலும் நாமேதான் உள்ளே விட்டிருப்போம்: ஹோஸுக்குள் இருந்த காற்றை வெளியேற்றாமல் மாட்டியது, அல்லது சக்‌ஷனை வாக்குவம் வரை இழுத்தது. கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு, கண்டென்சர் தண்ணீரை மட்டும் ஓட விடுங்கள். போகிற தண்ணீரும் வருகிற தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும்வரை காத்திருங்கள். தண்ணீர் 30 டிகிரி என்றால் கேஜ் 155 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும், 35 என்றால் 181. அதற்கு மேல் 15, 20 காட்டினால் அந்த மிச்சம் காற்று. அம்மோனியா தன் அழுத்தத்தை மட்டும்தான் காட்டும்.

காற்றை வெளியேற்றும்போது மேலே திறந்துவிடாமல், ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் டிரம்முக்குள் விடுங்கள். காற்று குமிழியாக மேலே வரும். அம்மோனியா வந்தால் குமிழி மேலே வராது, தண்ணீரிலேயே கரைந்து படபடவென்று வெடிக்கிற சத்தம் கேட்கும். சத்தம் மாறியதும் மூடுங்கள், மூடிய கையோடு குழாய் நுனியைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடுங்கள். தூக்காவிட்டால் குழாயில் மிச்சமிருக்கும் அம்மோனியா கரையக் கரைய, தண்ணீர் பின்னால் உறிஞ்சப்படும். அந்த ஈரம் பிளாண்டுக்குள் போனால் வேறு தலைவலி: தண்ணீர் கலந்த அம்மோனியா அதே அழுத்தத்தில் கூடுதல் சூட்டில்தான் கொதிக்கும், உப்புத்தண்ணி பழையபடி இறங்காது, நீங்கள் மறுபடி "கேஸ் கம்மி" என்று ஆரம்பிப்பீர்கள். டிரம்மில் சேர்ந்த தண்ணீரைக் கால்வாயிலோ கடலிலோ கொட்ட வேண்டாம். மீனுக்கு அது விஷம். மீனை நம்பித்தான் நம் பிளாண்டே இருக்கிறது.

காற்று இல்லை, ரிசீவர் கண்ணாடியில் திரவம் மேல்வரை நிற்கிறது என்றால் கேஸ் அதிகம். திரவம் கண்டென்சருக்குள் ஏறி, ஆவி குளிர்வதற்கான குழாய்களை அடைத்துக்கொள்கிறது. காலி சிலிண்டருக்குத் திருப்பி எடுக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம், மேலே சொன்ன அதே ஆபத்துதான். சப்ளையரைக் கூப்பிட்டு, எடை பார்த்து முறையாக எடுக்கச் சொல்லுங்கள்.

கண்டென்சர் அழுக்கு நம்ம பகுதியின் நிரந்தரப் பிரச்சினை. மீஞ்சூர் வரைக்கும் நிலத்தடி நீரில் கடல் உப்பு ஏறிவிட்டது. போர் தண்ணியை அப்படியே கண்டென்சரில் விட்டால் குழாயில் உப்புச் செதில் படியும், துருவும் பிடிக்கும். இதற்கு மருந்து சிலிண்டரில் இல்லை.

"கம்ப்ரஸர் தட்டுகிறது, தலை வரைக்கும் பனி"

யோசிக்க வேண்டாம். கம்ப்ரஸரை நிறுத்துங்கள், சக்‌ஷன் ஸ்டாப் வால்வை மூடுங்கள், சிலிண்டரை மூடுங்கள். திரவம் கம்ப்ரஸரின் சிலிண்டர் தலைக்குள் போகிறது. திரவத்தை அமுக்க முடியாது. தலையில் இருக்கும் பாதுகாப்பு ஸ்பிரிங் ஓரிரு அடிகளைத் தாங்கும், அதற்கு மேல் வால்வுத் தட்டு உடையும், கனெக்டிங் ராடு வளையும். எக்ஸ்பான்ஷன் வால்வு அதிகம் திறந்திருக்கலாம், சார்ஜிங் வால்வை ஒரேயடியாகத் திறந்திருக்கலாம், அல்லது சக்‌ஷன் லைனிலேயே திரவத்தை விட்டிருக்கலாம். கடைசியாகச் சொன்னதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யக் கூடாது. மறுபடி ஓட்டுவதற்கு முன் கிராங்க் கேஸ் எண்ணெயைப் பாருங்கள். நுரைத்திருந்தால் இன்னும் திரவம் உள்ளே இருக்கிறது.

"ஹோஸ் மூட்டில் வாசனை"

மூக்கு நல்ல கருவி, ஆனால் சீக்கிரம் பழகிவிடும். கால் மணி நேரம் லேசான வாசனையில் நின்றால் பிறகு தெரியாது. எட்டு மணி நேர வேலைக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 25 பி.பி.எம்.தான். சிவப்பு லிட்மஸ் தாளை நனைத்துக் காட்டுங்கள், நீலமாகும். கந்தகக் குச்சி கொளுத்திக் காட்டினால் கசிவு இருக்கும் இடத்தில் வெண்புகை எழும். வாசனை கனமாக அடிக்கும் அறைக்குள் மட்டும் கொளுத்திய குச்சியோடு போகாதீர்கள்: காற்றில் 15 சதவீதத்துக்கு மேல் சேர்ந்தால் அம்மோனியாவும் தீப்பிடிக்கும்.

மூட்டு எதனால் ஆனது என்று பாருங்கள். பித்தளை நிப்பிள், செம்புக் குழாய், ஏசி மெக்கானிக்கின் பித்தளை மேனிஃபோல்டு கேஜ் எதுவும் இங்கே ஆகாது. ஈரம் சேர்ந்த அம்மோனியா செம்பையும் பித்தளையையும் தின்றுவிடும். இரும்பு மட்டும்தான். ஹோஸ் அம்மோனியாவுக்கு என்று அச்சிட்டதாக இருக்க வேண்டும். சமையல் கேஸ் டியூப், ஆக்சிஜன் ஹோஸ் எல்லாம் பார்வைக்கு ஒன்றாகத் தெரியலாம், உள்ளே வேறு ரப்பர்.

லேசான கசிவு என்றால் சிலிண்டரை மூடி, லைனைக் காலி செய்து, பிறகு மூட்டை இறுக்குங்கள். அழுத்தத்தில் இருக்கும் மூட்டில் ஸ்பேனர் போட வேண்டாம். திரவமே தரையில் கொட்டிவிட்டால் அதன் மேல் தண்ணீர் பீய்ச்சாதீர்கள், சூடேறி இன்னும் வேகமாக ஆவியாகும். மேலே எழும் ஆவியைத்தான் தண்ணீர்த் திரையால் அமுக்க வேண்டும். அம்மோனியா காற்றைவிட லேசுதான், ஆனால் கொட்டிய உடனே வரும் குளிர்ந்த வெண்மேகம் தரையோடு படர்ந்து போகும். காற்றுக்குக் குறுக்காக ஓடி, காற்று வரும் பக்கத்துக்குப் போங்கள். 101-க்கும் 108-க்கும் அப்போதே போன் செய்யுங்கள், முதலாளியிடம் கேட்டுவிட்டு என்று காத்திருக்காதீர்கள்.

"வருஷா வருஷம் ஏற்றுகிறோம், வாசனையே இல்லை"

இதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கும் அறிகுறி. வாசனை இல்லாமல் கேஸ் எங்கே போகும்? தண்ணீருக்குள். உப்புத்தண்ணி டேங்கில் மூழ்கியிருக்கும் காயிலில் ஊசித் துளை விழுந்தால், வெளிவரும் அம்மோனியா அங்கேயே கரைந்துவிடும். கண்டென்சர் தண்ணீரிலும் அப்படித்தான். மாதிரித் தண்ணீரை எடுத்து நெஸ்லர் கரைசல் சில சொட்டு விட்டுப் பாருங்கள். மஞ்சள் என்றால் கொஞ்சம், பழுப்பு என்றால் நிறைய. ஒரு சிலிண்டர் விலையோடு ஒப்பிட்டால் இந்தச் சோதனைக்குச் செலவே இல்லை, இருந்தும் நான் பார்த்தவர்களில் இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு. ஓட்டையான காயிலுக்குள் அழுத்தம் இறங்கினால் உப்புத்தண்ணி உள்ளே போகும். அதற்கப்புறம் அந்தப் பிளாண்டை மீட்பது மாதக் கணக்கு வேலை.

வால்வு கிளாண்டுகளையும் ஒன்றுவிடாமல் லிட்மஸ் வைத்துப் பாருங்கள். கடல்காற்றில் உறைக்கு அடியில் துருப்பிடித்த குழாயையும், உறையைக் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். கசிவு பார்க்க அழுத்தம் ஏற்றுவதானால், அம்மோனியாவைக் காலி செய்த பிறகு உலர்ந்த நைட்ரஜனில் ஏற்றுங்கள். ஆக்சிஜன் கூடவே கூடாது. கார்பன் டை ஆக்சைடும் வேண்டாம், மிச்சமிருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து உப்பு மாதிரி உறைந்து குழாயை அடைக்கும்.

"ஏற்றி முடிந்தது, ஹோஸைக் கழற்றலாமா?"

இன்னும் இல்லை. சிலிண்டரில் சீறல் சத்தம் வந்து, அடிப்பக்கம் பனி பிடித்தால் திரவம் தீரப் போகிறது. எடையைப் பாருங்கள், சிலிண்டர் தோளில் பொறித்திருக்கும் காலி எடைக்கு வந்துவிட்டதா என்று. வந்ததும் முதலில் மூட வேண்டியது சிலிண்டர் வால்வு. சார்ஜிங் வால்வு திறந்தே இருக்கட்டும். ஹோஸில் இருப்பதைக் கம்ப்ரஸர் இழுக்கும்; ஹோஸ் மேல் பனி பிடிக்கும், பிறகு இளகும். இளகி, ஹோஸ் கேஜும் சக்‌ஷன் அளவுக்கு இறங்கிய பிறகுதான் சார்ஜிங் வால்வு.

பனி இளகும் முன்பே இரண்டையும் மூடினால் நடுவில் திரவம் மாட்டிக்கொள்ளும். வெயிலில் கிடக்கும் கருப்பு ஹோஸுக்குள் அது விரிந்தால் ஹோஸ் வெடிக்கும். அதனால் இந்தப் பத்து நிமிடத்தில் யாரும் யாரையும் அவசரப்படுத்தக் கூடாது. லாரி வாசலில் ஹாரன் அடித்தாலும் சரி. மிச்ச ஆவியைத் தண்ணீர் டிரம்முக்குள் விட்டுவிட்டு, முகமூடியோடு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி நட்டைத் தளர்த்துங்கள். சார்ஜிங் வால்வின் வாயில் இரும்புப் பிளக் போட்டு இறுக்குங்கள். வால்வு மூடியிருக்கிறதே என்று பிளக் இல்லாமல் விடாதீர்கள், தெரியாமல் யாரோ ஒருவர் ஒரு நாள் திறப்பார். அப்புறம் கிங் வால்வை மெதுவாகத் திறங்கள்.

நோட்டுப் புத்தகத்தில் தேதி, சிலிண்டரின் முன் எடை, பின் எடை, ஏறிய கிலோ, அப்போதைய சக்‌ஷன், ஹெட் பிரஷர், தண்ணீர்ச் சூடு, எந்தக் கசிவுக்காக ஏற்றினோம் என்பது, அதை அடைத்தவர் கையெழுத்து. கசிவுக்கான கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், லிட்மஸ் தாளை எடுத்துக்கொண்டு மறுபடி டேங்க் பக்கம் போங்கள்.